முப்பத்தெட்டாவது வாக்கியம்

முப்பத்தொன்று வரை எழுதியாகிவிட்டது. ஓப்பன் யுவர் புக்ஸ். லுக் அட் தி போர்டு. ரிப்பீட் ஆஃப்டர் மீ. டோன்ட் டாக் டு யுவர் நெய்பர். புதிதாகச் சேர்ந்த டீச்சர்கள் ஏழு பேருக்கும் வகுப்பில் பேச ஐம்பது இங்கிலீஷ் வாக்கியங்களைச் சாப்பாட்டு மணிக்குள் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார் பிரின்சிபால் மேடம். லேமினேட் செய்து ஒவ்வொரு மேஜையிலும் ஒட்டப்போகிறார்களாம். எனக்கு இதெல்லாம் ஒரு வேலையா? இருபத்திரண்டு வருஷமாக இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை மாறாமல் சொல்லுவேன். போதாததற்குப் பதினாறு வருஷத்துக்கு முன் நானே எழுதிய பழைய பட்டியல் வேறு ஓரமெல்லாம் பிரிந்து பக்கத்தில் கிடக்கிறது. பார்த்து எழுதினால் பத்து நிமிஷம். இந்தக் காலத்துக்கு ஆகாததை மட்டும் அடிக்க வேண்டும். ஸ்டாண்ட் ஆன் தி பெஞ்ச் என்று இப்போது யாரையாவது சொல்லிப் பாருங்கள், மறுநாள் காலையில் பெற்றோர் வாசலில் நிற்பார்கள். ஆனால் நாலாவது பீரியட் தொடங்கி இருபது நிமிஷமாகியும் நான் முப்பத்தொன்றிலேயே நிற்கிறேன், ஏனென்றால் கீழே ஆபீசில் என் மகள் உட்கார்ந்திருக்கிறாள். மிருதுளா. பெங்களூரிலிருந்து காலையில் வந்திருக்கிறாள், வீட்டுக்கு வரவில்லை, நேராக இங்கே. அயர்லாந்தில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, அடுத்த வெள்ளிக்கிழமை விமானம். இந்த மாணவி எல்.கே.ஜி.யிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை இங்கிலீஷிலேயே படித்தாள் என்று பள்ளிக்கூடம் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் தர வேண்டுமாம், அங்கே போய்ச் சேரும்போது அசலைக் கேட்பார்களாம். என்னைக் கேட்டால் நானே சாட்சி சொல்லுவேன். பள்ளிக்கூடத்தில் மட்டுமா, வீட்டிலும் அதேதான். மணி பன்னிரண்டு ஐந்து. பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி. இரண்டு மணிக்கு அவளுக்குச் சேலம் பஸ், அங்கிருந்து பெங்களூர். "ஐ வில் கம் அப் அண்ட் சீ யு, இஃப் தேர் இஸ் டைம், மிஸ்" என்று நேற்று போனில் சொன்னாள். நேரமிருந்தால் மேலே வந்து பார்க்கிறாளாம். பெற்றவளை. மிஸ்.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. இன்று ஒரு ராத்திரி அவள் வீட்டில் தங்க வேண்டும். தங்கிவிட்டுப் போகும்போது ஒரு தடவை அம்மா என்று கூப்பிட வேண்டும். கேட்டால் ஊரே சிரிக்கும், பெற்ற பிள்ளை அம்மா என்று கூப்பிடுவதற்கு ஒருத்தி ஏங்குவாளா என்று. ஏங்குகிறேனே, என்ன செய்ய. வாயைத் திறந்து கேட்டுவிட்டால் போச்சு, ஆனால் எந்த வாயால் கேட்பது? அவளிடம் பேச என்னிடம் இருக்கிற பாஷை இந்தக் காகிதத்தில் இருக்கிற பாஷைதான். போன மாதம் போனில் "ஐ காட் தி அட்மிஷன், மிஸ்" என்றாள். எனக்குச் சந்தோஷமா வயிற்றெரிச்சலா தெரியவில்லை, அத்தனை தொலைவு போகப்போகிறாயா என்று கத்த வேண்டும்போல இருந்தது, வாயைத் திறந்தால் என்ன வருகிறது, "வெரி குட். கீப் இட் அப்." டிக்டேஷனில் பத்துக்குப் பத்து வாங்கின பிள்ளையின் நோட்டில் எழுதுவேனே, அதே. அவள் "தேங்க் யு, மிஸ்" என்று வைத்துவிட்டாள். நான் அடுப்படிக்குப் போய் குக்கரிடம் தமிழில் சொன்னேன், அவ்வளவு தூரம் போகாட்டி என்ன கண்ணு, இங்கயே இருந்துடேன் என்று. குக்கர் விசில் அடித்தது. அது ஒன்றுதான் என் வீட்டில் நான் பேசினால் பதில் சொல்கிறது.

எழுந்து ஜன்னலுக்குப் போகிறேன். கீழே ஆபீஸ் வராண்டாவில் நாலு நீல நாற்காலி, மூன்றாவதில் அவள். மேலேயிருந்து தலை மட்டும்தான் தெரிகிறது, கழுத்தோடு வெட்டிய முடி. எப்போது வெட்டினாள், பொங்கலுக்கு வந்தபோது தோளுக்குக் கீழே இருந்ததே. தினமும் காலை ஆறரைக்கு இரட்டைச் சடை போட்டு வெள்ளை ரிப்பன் வைத்துக் கட்டிவிட்ட தலை, அசையாமல் நில் என்று ஒரு தட்டு தட்டி. ஸ்டாண்ட் ஸ்டில். முப்பத்திரண்டு. எழுதிவிட வேண்டும், மறந்துபோகும். எழுதிவிட்டுத் திரும்பவும் ஜன்னல். நான் கீழே இறங்கிப் போனால் என்ன? ஓய்வு பீரியட்தான், இருபது படி. ஆனால் அங்கே மேடம் இருக்கிறார், கிளார்க் இருக்கிறார், காம்பவுண்டுக்குள் யாரும் தமிழ் பேசக் கூடாது, டீச்சர்களுக்கும் சேர்த்துத்தான் சட்டம். அவர்கள் முன்னால் நின்று எதைக் கேட்பது? மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். கேன் யு ஸ்டே டுநைட். லாட்ஜ்காரன் கேட்கிற மாதிரி இருக்கிறது. ப்ளீஸ் ஸ்டே. மழைக்கு ஒதுங்க வந்தவரிடம் சொல்வது. ஐ வான்ட் யு டு ஸ்டே. இது உத்தரவு, சொன்னதும் அவள் டைரியை எடுத்துக் குறித்துக்கொள்வாள். இருந்துட்டுப் போ கண்ணு, மூன்றே வார்த்தை, ஆறு வயசுப் பிள்ளைக்குக்கூட வரும், எம்.ஏ. படித்த எனக்கு வரவில்லை. அவள் நிமிர்ந்து மேலே பார்ப்பாளா என்று பார்க்கிறேன். பார்க்கவில்லை. போனில் எதையோ தள்ளித் தள்ளிப் படிக்கிறாள்.

இந்த மிஸ் எங்கிருந்து வந்தது? என் வாயிலிருந்துதான், யாரைக் குறை சொல்ல. அவளும் நானும் இந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரே நாளில் சேர்ந்தோம், நான் எல்.கே.ஜி. டீச்சர், அவள் எல்.கே.ஜி. பிள்ளை, அதுவும் என் வகுப்பிலேயே. மூன்றரை வயசு. நாற்பது பிள்ளைகளும் ஒரே அழுகை, மூக்கெல்லாம் வழிகிறது, ஆயாம்மா இரண்டு இடுப்பிலும் இரண்டைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னலில் காக்கா காட்டுகிறாள். இவள் மட்டும் அழாமல் வந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அம்மா அம்மா என்கிறாள். மற்றதெல்லாம் அழுகையை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தன, இவளுக்கு மட்டும் அம்மா கூடவே இருக்கிறாளே என்று. அத்தனை கண்களை ஒன்றாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வராண்டாவில் அப்போதிருந்த பிரின்சிபால் சார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். எனக்கு வேலைக்கு வந்த முதல் நாள். குனிந்து அவள் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். "ஸ்கூல்ல நான் அம்மா இல்ல. மிஸ். எங்க, சொல்லு பாக்கலாம், குட் மார்னிங் மிஸ்." அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், இப்போதுதான் புதிதாகப் பார்க்கிற மாதிரி. "குட் மாணிங் மிஸ்." "வெரி குட்!" என்று கன்னத்தைத் தட்டினேன். எல்லாரையும் கைதட்டச் சொன்னேன், நாற்பதும் மூக்கு ஒழுக ஒழுகக் கைதட்டியது. சார் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார். பெரிய காரியம் செய்துவிட்டேன் என்று அன்றைக்கு எனக்கு ஒரே பெருமை.

முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தும் "மிஸ், வாட்டர்" என்றாள். ஸ்டாஃப் ரூமில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். வீட்டிலும் இங்கிலீஷ்தான் பேச வேண்டும் என்று சட்டம் போட்டதும் நானேதான், பிள்ளைக்கு நாக்கு திருந்தட்டும் என்று. எனக்குத் தெரிந்த இங்கிலீஷோ வகுப்பறை இங்கிலீஷ். பிள்ளையைக் கொஞ்சுகிற இங்கிலீஷை எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ஈட் ஃபாஸ்ட், ஷோ மீ யுவர் டைரி, ஸ்விட்ச் ஆஃப் தி டி.வி., கோ டு பெட். ஆறு மணிக்கு மேல் அதையும் பேச முடியாது, ஏழு பீரியட் கத்தின தொண்டை. அவள் அப்பா லாரியை எடுத்துக்கொண்டு குஜராத், பம்பாய் என்று போனால் இருபது நாள் ஆளைப் பார்க்க முடியாது. அடுப்பு, துணி, திருத்த வேண்டிய நோட்டு கட்டுக் கட்டாக, தலை வெடிக்கும். யாரிடம் போய்ச் சொல்ல. பிள்ளைதானே, கொஞ்ச நாளில் தானாக மாறிவிடும் என்று இருந்துவிட்டேன். ஏழு வயசில் டைஃபாய்டு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். குளுக்கோஸ் ஏறுகிறது, காய்ச்சல் வேகத்தில் கண்ணைத் திறக்காமல் "மிஸ்... மிஸ்..." என்று முனகுகிறாள். நான் பக்கத்தில்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நர்ஸம்மா என்னைப் பார்த்துச் சொன்னாள், "பாவமுங்க, டீச்சர் மேல உசுரா இருக்குது போல. அவங்களை ஒருவாட்டி வந்து பாத்துட்டுப் போகச் சொல்லுங்களேன்." சரி, வரச் சொல்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்வது? நான்தான் அந்த டீச்சர் என்றால் அடுத்த கேள்வி, அப்ப அம்மா எங்கே என்பாள்.

ஆறு, ஏழு, எட்டு மூன்று வருஷமும் அவளுக்கு இங்கிலீஷ் நான்தான் எடுத்தேன். ஹூ வில் ஆன்சர், முப்பத்திமூன்று. ரெய்ஸ் யுவர் ஹேண்ட்ஸ், முப்பத்திநாலு. கேட்டு முடிப்பதற்குள் இரண்டாவது பெஞ்சிலிருந்து அவள் கை எழும்பும். நான் மற்ற பிள்ளைகளைத்தான் கூப்பிடுவேன். டீச்சர் பிள்ளைக்குத் தனிச் சலுகை என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது பாருங்கள், என் நேர்மைக்கு ஊரெல்லாம் பேர். கை வலித்து இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு இருப்பாள். எனக்குத் தெரியும், தெரிந்தும் என் கண் அவளைத் தாண்டிப் பின் பெஞ்சுக்குப் போகும். ஒன்பதாம் வகுப்பில் இன்னொரு மிஸ்ஸிடம் போனபோது கை தூக்குவதையே விட்டுவிட்டாள். "உங்க பொண்ணு ரொம்ப ஷை டைப் போல மிஸ்" என்று அந்த மிஸ் என்னிடமே சொன்னாள். ஷை டைப்பா இல்லையா என்று இவள் அப்பாவைக் கேட்க வேண்டும். அவரோடு போனில் பேச ஆரம்பித்தால் வீடு கொள்ளாது. "எங்கப்பா இருக்கற? இன்னும் ஏன் சாப்புடாம இருக்கற நீ? டீயாக் குடிச்சுக் குடிச்சு வயித்தக் கெடுத்துக்கோ." அவருக்கு நீ, வா, போ. எனக்கு நீங்க, வாங்க, போங்க, அதுவும் எப்போதாவது தமிழ் வந்தால். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, பெற்ற மகள் விஷயத்தில் அவர் செய்த புண்ணியம் அது ஒன்றுதான். நேற்று சூரத்தில் லோடு இறக்கிக்கொண்டே எனக்குச் சமாதானம் சொல்கிறார், "போச்சாது விடு புள்ள, படிக்கத்தான போகுது. நேரங் கெடைச்சா வந்து பாத்துட்டுப் போவா." அவருக்கென்ன, தினம் தினம் அப்பா. பொறாமையாக இருக்கிறது என்று சொல்லிவிடலாம், இங்கே யார் கேட்கப்போகிறார்கள். லைன் அப், டோன்ட் புஷ், வாஷ் யுவர் ஹேண்ட்ஸ். கை போன போக்கில் மூன்று எழுதி முப்பத்தேழு ஆகிவிட்டது.

"ஏனுங் மிஸ், உள்ள வரலாங்களா?" சுகந்தி. புதிய டீச்சர்களில் ஒருத்தி, போன வாரம்தான் எல்.கே.ஜி.க்கு வந்தாள், புடவை மடிப்பெல்லாம் சாக்பீஸ். ஸ்டாஃப் ரூமில் வேறு யாரும் இல்லை என்று ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டுத் தமிழில் குசுகுசுக்கிறாள். "உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணுமுங்க. திங்கக்கெழமை எம் பொண்ணும் எல்.கே.ஜி. சேருதுங்க. எங் கிளாஸ்லயே போட்டுட்டாங்க. அது பாட்டுக்கு அம்மான்னு மேல வுழுந்துச்சுன்னா என்னங் பண்றது? அதுக்கு ஏதாச்சும் சென்டென்ஸ் இருக்குதுங்களா மிஸ்?" இருக்கிறது. பழைய பட்டியலில் முப்பத்தெட்டு. இன் ஸ்கூல் ஐ ஆம் நாட் யுவர் மதர், கால் மீ மிஸ். எங்கள் டீச்சர்களில் பாதிப் பேரின் பிள்ளைகள் இங்கேதான் படிக்கிறார்கள், அதனால் இது அவசியம் என்று நானே யோசித்து நானே சேர்த்தது, "எக்ஸலன்ட், செண்பகவல்லி" என்று மேடம் பாராட்டிய ஒரே வாக்கியம். பதினாறு வருஷமாக எல்லா மேஜையிலும் ஒட்டியிருந்தது. எத்தனை பேர் அதைப் பார்த்துவிட்டுத் தங்கள் பிள்ளையின் விரலைப் பிரித்திருப்பார்கள்? "பேர் என்ன பொண்ணுக்கு?" என்கிறேன். "ஆதிரைங்க." "அழுவாளா?" "அழுவ மாட்டாளுங்க. ஓடியாந்து காலைக் கட்டிக்குவா." முப்பத்தெட்டு என்று நம்பர் போட்டுப் புள்ளியும் வைத்தாயிற்று, பேனா அதற்குமேல் நகரவில்லை. "கட்டிக்கட்டும்" என்கிறேன். "மேடம் பாத்தா திட்ட மாட்டாங்களா மிஸ்?" "திட்டுவாங்க." "அப்புறமுங்?" "வாங்கிக்கோ. திட்டு ஒரு வாரத்துல மறந்து போகும்." அவள் என்னையே பார்க்கிறாள். மூத்த மிஸ்ஸுக்கு இன்றைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாள். "லிஸ்ட்டு ரெடியானதும் குடுங்க மிஸ்" என்று மெல்ல நழுவிவிட்டாள். அவளுக்குச் சொன்னது சரிதானா? சொல்வதற்கு எனக்கென்ன, நான் இருபத்திரண்டு வருஷம் கழித்துச் சொல்கிறேன்.

முப்பத்தொன்பதுக்குப் போகலாம் என்று பார்த்தால் மனசு ஜன்னலுக்குப் போகிறது. மூன்றாவது நாற்காலி காலி. மற்ற மூன்றும் காலி. கடிதத்தை வாங்கியிருப்பாள், மணியைப் பார்த்திருப்பாள், நேரமில்லை என்று கிளம்பியிருப்பாள். கேட்டில் வாட்ச்மேன் யாருக்கோ கதவைத் திறந்துவிடுகிறார், தெரிகிறது, யார் என்று தெரியவில்லை, புங்க மரம் மறைக்கிறது. மஞ்சள் துப்பட்டாவா அது? அவள் என்ன உடுத்திக்கொண்டு வந்திருக்கிறாள் என்றே நான் பார்க்கவில்லை, தலையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், சனியன் பிடித்த தலை. இறங்கிப் போயிருக்க வேண்டும். மேடம் இருந்தால் என்ன, கிளார்க் இருந்தால் என்ன, தின்றுவிடுவார்களா? இனி ஒரு வருஷம், இரண்டு வருஷம், அங்கே ஒரு வேலை, அங்கேயே ஒரு கல்யாணம், ஞாயிற்றுக்கிழமைதோறும் பத்து நிமிஷம், ஹேவ் யு ஈட்டன் மிஸ், யெஸ், யு, குட். அங்கே குளிருமாம். ஸ்வெட்டர் போட்டுக்கொள் என்பதைக்கூட வேர் யுவர் ஸ்வெட்டர் என்றுதான் சொல்லுவேன், பனிக்காலத்து அசெம்பிளியில் சொல்கிற மாதிரி. ஒரு நாள் நான் செத்துப்போவேன், விமானத்தைப் பிடித்து வந்து சேருவாள், கூடத்தில் என்னைக் கிடத்தியிருப்பார்கள், வந்து நின்று என்ன சொல்லி அழுவாள்? மிஸ் என்றா? கூடியிருக்கிற சனம் இந்தப் பெண் இவளிடம் படித்தவள் போல என்று நினைத்துக்கொள்ளும். சிரிப்பு வருகிறது. மணி அடிக்கிறது. சாப்பாட்டு மணி, கீழே நானூறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் எழுந்திருக்கிற சத்தம், டிபன் பாக்ஸ் சத்தம். முப்பத்தெட்டுக்கு நேரே வெறும் காகிதம், பேனாவை மூடிக்கூட வைக்கவில்லை.

"மே ஐ கம் இன், மிஸ்?"

வாசலில் அவள். கையில் பழுப்பு உறை, தோளில் பை, மஞ்சள் இல்லை, பச்சைச் சுடிதார். வந்துவிட்டாள். யெஸ், கம் இன் என்று சொல்லிப் பழகிய நாக்கு தயாராக எழுந்து நிற்கிறது. நான் சொல்லவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு வாசலுக்குப் போகிறேன், வராண்டாவுக்கே போய்விடுகிறேன். மூன்றாம் வகுப்பு வரிசையாகக் கை கழுவப் போகிறது, தமிழ் பேசுகிறவர்கள் பேரைக் குறித்து வைக்கிற லீடர் பெண் நோட்டும் பென்சிலுமாக முன்னால். "இன்னைக்கு ராத்திரி வீட்டுல இருந்துட்டுப் போ கண்ணு" என்கிறேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. வரிசை அப்படியே நின்றது. "மிஸ்" என்று மிருதுளா கண்ணால் பிள்ளைகளைக் காட்டுகிறாள், "டமில்..." "எழுதிக்கட்டும். எம் பேரை முதல்ல எழுதிக்கட்டும். நீ இரு. நாளைக்குப் போ. போறப்ப ஒரே ஒருக்கா என்னைய அம்மான்னு கூப்புடு சாமி, எனக்கு அது போதும்." சொல்லிவிட்டேன். லீடர் பெண் பென்சிலை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாள், மிஸ் பேரை எழுதலாமா கூடாதா என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. சுகந்தி வந்து வரிசையை ஓட்டிக்கொண்டு போகிறாள்.

மிருதுளா உறையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றுகிறாள். அப்புறம், "நான் கோவத்துல கூப்புடறேன்னு நெனச்சுட்டு இருந்தீங்களா மிஸ்?" என்கிறாள். தமிழில். "இல்லையா?" "இல்லீங்க." சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்கிறாள். "வீட்டுல இருந்த அம்மாவுக்கு எப்பவும் தலைவலிங்க. சாயங்காலம் கதவைத் தொறந்து உள்ள போனதும் நான் எதாவது சொல்ல வருவேன், பேசாதேன்னு கையைக் காட்டுவாங்க. காலையில இங்க வந்தா மிஸ் சிரிச்சுட்டே நிப்பாங்க. வெரி குட்டும்பாங்க, எல்லாத்து கன்னத்தையும் தட்டுவாங்க. எனக்கு அவங்களைத்தான் ரொம்பப் புடிச்சுது. சின்னப் புள்ளதானுங்களே. மிஸ் மிஸ்னே கூப்புட்டுட்டு இருந்தா ஒரு நாளைக்கு அவங்க வீட்டுக்கும் வருவாங்கன்னு நெனச்சேன்." எனக்குக் காது அடைத்துவிட்டது, நானூறு பிள்ளைகள் சத்தத்தில் ஒன்றுகூடக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் அந்த நர்ஸம்மாவிடம் வரச் சொல்கிறேன் என்று சொன்னேனே. "வந்தாங்களா?" என்று கேட்கிறேன். கேட்காமல் இருந்திருக்கலாம். "இன்னும் வரலீங்க" என்கிறாள்.

கைப்பையை எடுத்துக்கொள்கிறேன். ஐந்தாவது பீரியட் எட்டாம் வகுப்பு, யார் பார்த்துக்கொள்வார்கள் என்று தெரியவில்லை, மேடத்திடம் சொல்லவும் இல்லை. வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கிறார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற பஸ் வரும், இந்தப் பக்கம் எங்கள் வீட்டுக்குப் போகிற டவுன் பஸ். அவள் எந்தப் பக்கம் நிற்கப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டே வருகிறேன், ஒன்றும் கேட்கவில்லை, கேட்க வேண்டியதைக் கேட்டாகிவிட்டது. அவள் ரோட்டைத் தாண்டவில்லை. வெயிலுக்குப் பழுப்பு உறையைத் தலைமேல் பிடித்துக்கொண்டு என் பக்கத்திலேயே நிற்கிறாள். டவுன் பஸ் வருகிறது, முதலில் அவள் ஏறி ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்து பக்கத்து இடத்தில் பையை வைத்து, "வாங்க மிஸ்" என்கிறாள். போய் உட்காருகிறேன், பை எங்களுக்கு நடுவில். வீட்டுக்கு இருபது நிமிஷம். பூட்டைத் திறக்கும்போதே என் நெற்றி சுருங்கிவிடும், எனக்குத் தெரியும், இத்தனை வருஷப் பழக்கம். இன்று திறந்துவிட்டுத் திரும்பி அவளைப் பார்க்க வேண்டும், சிரித்த முகத்தோடு, காலையில் முதல் பீரியடில் பார்ப்பேனே அப்படி. வருமா? பஸ் ஜன்னல் கண்ணாடியில் ஒரு தடவை செய்து பார்க்கிறேன். பல்லைக் காட்டுகிற மாதிரி வருகிறது. இன்னொரு தடவை. அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டாள். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என் பக்கமாக நகர்ந்து உட்காருகிறாள்.